சாம்பல் ஓரமிட்ட அட்டை

மார்ச் பதினைந்து, வரிக்கணக்கு கொடுக்கக் கடைசி நாள். நகராட்சிக் கூடத்து இலவச ஆலோசனை மேசையில், எனக்கு முந்தைய டோக்கன்காரராக முடிதிருத்தும் கடை இவாசே உட்கார்ந்திருக்கிறார். மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் கெண்டி முனகுகிறது. வரி ஆலோசகர் குசுமோட்டோ அம்மாள் கசங்கிய ரசீதுகளை நீவிவிட்டு, ஒன்றை மட்டும் உதறுகிறார். “ரசீதுக்குள்ள முடி இருக்கு, சார்.” “வாடிக்கையாளர் முடிதாம்மா. கணக்குல சேராதா?” அவர் சிரிக்காமல் அடுத்ததை எடுக்கிறார். சாம்பல் ஓரமிட்ட அட்டை. இறுதிச் சடங்குக்கு வந்தமைக்கு நன்றி சொல்லி, இறந்துபோன செகிகுச்சியின் குடும்பத்தார் கொடுத்தது. துக்க வீட்டில் வைக்கும் பணத்துக்கு யாரும் ரசீது தருவதில்லை, இந்த அட்டைதான் அத்தாட்சி. “எவ்வளவு வச்சீங்க?” “பத்தாயிரம் யென்.” “வாடிக்கையாளர்னா தொழில் செலவுல எழுதலாம். சிநேகிதர்னா முடியாது. இவர் யாரு?” இவாசே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். “முப்பது வருஷமா மாசாமாசம் நம்ம கடையிலதான் வெட்டிக்கிட்டார்.” “அப்போ வாடிக்கையாளர்.” பென்சில் தாளில் ஓடுகிறது. “கடைசி ஒரு வருஷம் நானே ஆஸ்பத்திரிக்குப் போய் வெட்டிவிட்டேன்.” பென்சில் நிற்கிறது. குசுமோட்டோ வரவுப் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து மேலிருந்து கீழே வருகிறார். “ஆஸ்பத்திரியில வாங்கின கூலி இதுல வரலியே, சார்? அதை விட்டா வம்பு.” “கூலியா? அவன்கிட்டயா?” கெண்டியின் மூடி இரண்டு முறை தட்டி அடங்குகிறது. குசுமோட்டோ அம்மாள் ரப்பரை எடுத்து, எழுதிய பத்தாயிரத்தை அழிக்கிறார்.