இலையில் வைத்த பிஸ்கட்

அப்பாவுக்கு முப்பதாம் நாள் படையல். மகன் இளம்பரிதி, சர்க்கரை சேர்க்காத பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து இலையில் வைத்தான். தங்கை கயல்விழி அதை ஒதுக்கிவிட்டு, கொழுப்பு நீக்கிய பிஸ்கட்டை வைத்தாள்.

“அப்பாவுக்கு சுகர் நானூறு இருந்துச்சே, மறந்துட்டியா?”

“ஆளைக் கொண்டுபோனது கொலஸ்ட்ரால்தானே? உன் பாக்கெட்டத் திருப்பிப் படி, எவ்வளவு கொழுப்புன்னு.”

“உன்னோடதுல எவ்வளவு சர்க்கரைன்னு மொதல்ல நீ படி.”

அடுப்படியிலிருந்து வந்த அம்மா தில்லைக்கரசி இரண்டு பாக்கெட்டையும் பிடுங்கி வாசலுக்கு வெளியே எறிந்தாள்.

“செத்த மனுசனுக்கு என்னடா சுகரு? எரிச்சு முடிச்சாச்சு, இன்னும் என்னடி பத்தியம்?”

முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, பாகு சொட்டும் ஜாங்கிரி ஒன்றை இலை நடுவில் வைத்தாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குக் காலையில, பக்கத்து வீட்டுல குடுத்த ஜாங்கிரிய எடுத்துட்டாரு.”

“சாப்பிட்டாராம்மா?” என்றாள் கயல்விழி.

“வாயில போட்டத வெரல விட்டுத் தோண்டி எடுத்தேன்டி.”

அந்த விரலில் பாகு வடிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.