நிரோஜனின் சொந்தக் கடை

பாரிஸில் முடி திருத்தும் நிரோஜனைப் பற்றி ஆவணப்படம் எடுக்க ஒரு குழு சலூனுக்கு வந்திருந்தது. “இது என்ட சொந்தக் கடை. அடுத்த வருசம் லண்டனிலயும் ஒண்டு திறக்கிறன்” என்று கேமராவைப் பார்த்துச் சொன்னான். அப்போது உள்ளே வந்த கடையின் உண்மையான உரிமையாளர் தவமலரின் காதில் அது விழுந்தது. கேமரா அவர் பக்கம் திரும்பியது.

“நீங்கள் யார்?” என்று படக்குழுவினர் கேட்டனர்.

தவமலர் நிரோஜனின் முகத்தைப் பார்த்தார். “நான் இங்க கூட்டித் துடைக்கிறனான்” என்று விளக்குமாற்றை எடுத்தார்.

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. “அக்கா, அந்த மூலையிலயும் முடி கிடக்கு” என்றான். அங்கேயும் கூட்டினார்.

படக்குழு போனதும் விளக்குமாற்றை வாங்கக் கை நீட்டினான். அவர் நிமிரவில்லை.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, முதலாளி.”