கைக்குட்டை போட்ட சீட்டு

"யோவ், என் கைக்குட்டையைத் தூக்கி எறிய நீ யாருய்யா?"

கண்டக்டர் சாமிதுரை காதிலேயே வாங்கவில்லை. மூன்றாவது வரிசை ஜன்னலோரம் கிடந்த பச்சைக் கைக்குட்டையை இரண்டு விரலால் எடுத்து வெளியே போட்டார்.

"பஸ்ஸு என்ன உங்கப்பன் வூட்டுதா? போயி படிக்கிற வேலையப் பாருடா."

நாலு வாரமாக இதே கூத்துதான்.

விக்கி பி.காம். இரண்டாம் வருஷம். படிப்பில் எப்படியோ, தொழிலில் பையன் கில்லாடி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ்ஸில் இடம் பிடிப்பதென்றால் சும்மாவா? ஹாஸ்டலே மூட்டை கட்டிக்கொண்டு வந்து நிற்கும். விக்கிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். பஸ் உள்ளே திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டுவிடுவான். சீட்டுக்கு அஞ்சு ரூபாய். 'விக்கி சீட் சர்வீஸ்' என்று விசிட்டிங் கார்டு வேறு! இந்தத் தடவை பரீட்சை ஃபீஸை வீட்டில் கேட்காமல் அவனே கட்டினான் என்றால் பாருங்களேன்.

சாமிதுரையின் நாலே முக்கால் பஸ்தான் அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

"போன வாரமும் திருச்சி வரைக்கும் நின்னுக்கிட்டே போனேன். இன்னிக்கும் அதே கதையா?" கவியா பொரிந்து தள்ளினாள். அந்த பஸ்ஸுக்கு அவள்தான் வாடிக்கை. "இனிமே உங்கிட்ட சீட்டு சொல்ல வேணாம்னு ஹாஸ்டல்ல எல்லாரும் பேசிக்கிறாங்க, தெரியுமா?"

பேர் போனால் தொழில் போச்சே!

"அந்தாளு அந்த சீட்டை வேற யாருக்கோ விக்கிறாரு கவியா. இன்னிக்குக் கையும் களவுமா புடிக்கிறேன். நீயே வந்து பாரு."

பஸ் நகர்ந்ததும் இருவரும் பின்படியில் தொற்றிக்கொண்டார்கள். உள்ளே நிற்க இடமில்லை. விக்கி எக்கிப் பார்த்தான். அந்த சீட்டில் யாரும் இல்லை. கண்டக்டருடைய தோல்பை மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது!

ஒரு பெரியவர் அதில் உட்காரப் போனார்.

"ஆளு வருதுங்க," என்று தடுத்தார் சாமிதுரை.

"பாத்தியா? நாம போட்டா தப்பு, அவரு போட்டா நியாயம்!" விக்கி பல்லைக் கடித்தான்.

நாலு ரோட்டில் பஸ் நின்றது. சாமிதுரை விசிலை ஊதாமல் கீழே குனிந்து ஒரு கூடையை வாங்கினார்.

"அவசரப்படாம ஏறும்மா. பைய எடுத்துட்டு உக்காரு."

ஏறியது குஞ்சம்மாள். விக்கியைப் பெத்தவள். வெங்காயம் விற்ற வெறுங்கூடையோடு, பாடாலூருக்கு.

விக்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமை அம்மா சந்தைக்கு வருவாள் என்று தெரியும். எப்படி வீடு திரும்புகிறாள் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருப்பானா?

டிக்கெட் போட்டபடி பின்னால் வந்த சாமிதுரை அவனைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"அண்ணே... அது எங்கம்மா."

"தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே விட்டுருப்பேனேண்ணே!"

"நீ போயி அதுகிட்ட கேப்ப. அடுத்த வாரம் அது வேற பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போவும்." சாமிதுரை குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி ரெண்டு மாசம் பாடாலூர் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்துச்சு. உன் கைக்குட்டைய எடுத்துப் போட்டு எடம் வெக்கிறேன்னு சொன்னேன். 'எம் புள்ள காசு வாங்கிப் புடிச்சுக் குடுத்த எடங்க, நா உக்காந்தா அவன் தொழிலு என்னாவும்'னு கம்பியப் புடிச்சுக்கிச்சு."

விக்கி அம்மா பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தான்.

சாமிதுரை அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"கிட்ட போவாத தம்பி. என் பை கெடந்த எடம்னு நெனச்சுதான் உக்காந்திருக்கு. உன்னையப் பாத்தா எந்திரிச்சுடும்."