இன்னொரு துளை

பெல்ட் தன் முதலாளி மாசிலாமணியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் நர்ஸ் அதைக் கழற்றியபோதுதான்.

அவருடைய விலாவுக்குள் குடியிருந்த ஈரல் வெகுநாளாகவே அதனிடம் முறையிட்டு வந்தது.

"பெல்ட்டண்ணே, தொப்பை நிறைஞ்சு போச்சுன்னு கொழுப்பு என் வீட்டுல மூட்டை மூட்டையா இறங்குது. திருடன் புகுந்துட்டான்னு ரத்தத்துல இருக்கிற காவக்காரனுங்க தீப்பந்தத்தோட ஓடி வந்து என் சுவரையும் சேர்த்துக் கொளுத்துறானுங்க. ஒரு தடவை விட்டுக்கொடுக்காம இறுக்கிப் பிடிங்க. அவருக்கு உறைக்கட்டும்."

"உனக்கு வலிக்குதா?"

"எனக்கு வலிக்கத் தெரியாதே!"

"வலியே இல்லாம என்னம்மா ஒப்பாரி? விருந்துக்குப் போற மனுஷனை நான் இறுக்கவா? மரியாதையா இருக்குமா?" என்று பெல்ட் சிரித்தது.

மறுநாள் கல்யாணப் பந்திக்குப் புறப்படும்போது, மாசிலாமணி ஆணியைச் சுடவைத்து இன்னொரு துளை போட்டார். பெல்ட் பெருமையோடு நெகிழ்ந்து கொடுத்தது. உள்ளே, வெந்த இடமெல்லாம் தழும்பாகி ஈரல் கல்லாக இறுகிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலும் பெல்ட் தைரியமாகத்தான் இருந்தது. "இன்னொரு துளை போட்டா சரியாயிடும்" என்றது. அதற்குள் ஈரல் முழுக்கக் கல்லாகியிருந்தது.

பெல்ட் இப்போது கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. கடையில் போட்ட துளைகளைவிட வீட்டில் போட்டவையே அதில் அதிகம்.