சுற்று கூடிய நார்

வெளிச்சப் பலகையில் தங்கச்சாமியின் நுரையீரல் படம் தொங்குகிறது. டாக்டரம்மா பேனா முனையால் அதிலுள்ள வெள்ளை வலையைத் தொட்டுக் காட்டுகிறார். வெடிமருந்துத் தூசியால் புண்ணான இடத்தை மூட நார் பின்னச் சொல்லி உடம்புக்குள் ஒரு என்சைம் சைகை கொடுத்ததாம். புண் மூடிய பிறகும் அது சைகையை நிறுத்தவில்லையாம். அவன் மனைவி பொன்மணிக்குச் சட்டென்று விளங்கிவிடுகிறது. விஸ்வநத்தம் பட்டாசு ஆலையில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுகிறவள் அவள். பேச்சு மும்முரத்தில் கை அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டே போகும். சுற்று கூடிய வெடி பெட்டியில் அடங்காது. பசை காய்ந்துவிட்டால் பிரிக்கவும் வராது. “சுத்துன நாரைப் பிரிக்க மாத்திரை இருக்கா டாக்டரம்மா?” என்று கேட்கிறாள். “இல்லம்மா. நான் எழுதித் தர்ற மாத்திரை அந்த என்சைமைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். இனிமே சுத்துறது மெதுவாகும், அம்புட்டுத்தான்.” மின்விசிறிக் காற்றில் படத்தின் ஓரம் படபடக்கிறது. தங்கச்சாமி இருமி முடித்து, மூச்சு வாங்கியபடி அவள் மடிக்குக் கையை நீட்டுகிறான். அப்போதுதான் அவள் குனிந்து பார்க்கிறாள். சேலைத் தலைப்பு சுட்டுவிரலில் இறுகி, நுனி வெளுத்திருக்கிறது. மறுகை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவன் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துவிடுகிறான். “போதும்ட்டி” என்கிறான்.