தீட்டி வந்த முட்கள்

தூண்டில் முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுத்தேன். வழுக்காமல் கவ்வியது.

கவ்வக் கூடாது. இரண்டு இரவு பாறைகளுக்கு நடுவே கிடந்துவிட்டு வந்த முள் மழுங்கித்தான் இருக்க வேண்டும்.

அடுத்ததை எடுத்தேன். அதுவும் கவ்வியது. அதற்கடுத்ததும் அப்படியே.

எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தவர் மாதிரி பதில் வந்தது.

"இப்ப வர்ற முள்ளு அப்படி. சும்மா சும்மா மழுங்காது."

யாரிடம் கதை விடுகிறார்? கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் முள் தீட்டுவது நான். நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, துணியில் ஒற்றி, துரு ஏறியதைக் கழித்துப்போட்டு, மிச்சத்தை அரத்தில் தீட்டி, எண்ணெய் தடவி, தக்கையில் குத்தி வைப்பேன். அவரை அரத்தைத் தொடவே விடுவதில்லை. அவர் தீட்டினால் நுனி ஊசியாக மெலிந்து, முதல் மீனின் தாடையிலேயே வளைந்துவிடும். பொறுமை என்பது அந்தக் குடும்பத்துக்கே கிடையாது.

ஆக, வேறு யாரோ தீட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

கொஞ்ச மாதமாகவே அவர் படகை அடுத்த ஊர்க் கரையில்தான் கட்டுகிறார். அங்கே மீன் நன்றாகப் படுகிறதாம். முள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகிறார், பஸ்ஸில் வருகிறார். போன வாரம் வந்திருந்த நாத்தனார் என்னைச் சீண்டினாள். "என்ன அண்ணி, எங்கண்ணனுக்கு அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கிச்சு போல. மினுமினுன்னு இருக்காரே!"

அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

இப்போது வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. எவளோ ஒருத்தி வாசலில் உட்கார்ந்து, மடியில் துணியை விரித்து, என் முட்களைத் தீட்டியிருக்கிறாள். சமைத்துப் போட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

அவள் வேலை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்க்க, முள்ளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்ற ஆசைதான்.

குறையே இல்லை. நுனிக்கு மூன்று முகம் இருந்தது.

எல்லோரும் இரண்டு பக்கம் தீட்டுவார்கள். அடியிலும் ஒரு முகம் தீட்டினால் நுனி மெலியாமல் கூராகும். அது என் அண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அண்ணன் போன படகு மட்டும்தான் கரைக்கு வந்தது. அதனால்தான் பையன் பிறந்தபோது இவரிடம் சத்தியம் வாங்கினேன். என் தலையில் கை வைத்து, இவனைக் கடலில் இறக்க மாட்டேன் என்றார். பையனும் அதைக் காப்பாற்றுகிறவன்போலத் தூரத்து ஊரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான்.

முள்ளை விரலால் தடவினேன். தீட்டி முடித்த நுனியில், கடைசியாக அரம் பட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், மயிரிழையாக ஒரு பிசிறு ஒதுங்கி நிற்கும். நான் இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் முடிப்பவள். என் பிசிறு எப்போதும் இடப்பக்கம்தான் நிற்கும்.

இதில் வலப்பக்கம் நின்றது. மற்றபடி எல்லாம் என் கை. கண்ணாடியில் தெரிவது மாதிரி.

பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றவருக்கு இப்படி வராது. எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து பார்த்தால்தான் என் இடம் வலமாகும்.

அப்படி உட்கார்ந்தது ஒரே ஒரு ஆள்தான். மடியில் கணக்குப் புத்தகம் இருக்கும், கண் என் கையில் இருக்கும். இங்கே என்னடா பார்வை, புத்தகத்தைப் பார் என்று அதட்டுவேன். புத்தகத்தைத்தான் பார்க்கிறான் என்று நம்பிக்கொண்டும் இருப்பேன்.

முள் விரலில் இறங்கியிருந்தது. பிடுங்கிப் போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமைகூட போனில், பரீட்சை வருகிறது, ராத்திரி பகலாகப் படிக்கிறேன் என்றான். இவர் பக்கத்தில் நின்று பெருமையாகத் தலையாட்டினார். நான் இரண்டு பேரையும் மாறி மாறிக் கொஞ்சினேன். என்னை ஏமாற்ற அவர்களுக்குக் கஷ்டப்படவே வேண்டியிருக்கவில்லை.

இன்னொருத்தியாக இருந்திருந்தால்கூடத் தேவலை. பஸ் ஏறிப் போய் அவள் முடியைப் பிடித்து உலுக்கிவிட்டு வந்திருப்பேன். இந்த முடியை எப்படிப் பிடிப்பேன்? நான் வாரிவிட்ட தலை.

நேராகக் கேட்டால் இவர் நூறு கதை சொல்வார். சொல்லும்போதே அதை நம்பவும் செய்வார். எனக்கு அவர் குணம் தெரியும்.

முட்களை டப்பாவில் போட்டு மூடினேன். விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினேன். நல்ல பசிபோல, குனிந்த தலை நிமிரவில்லை. எப்போதும் பேசுகிற குரலிலேயே கேட்டேன்.

"புள்ள சாப்பிட்டானா?"

"ம், படகுலயே சாப்பிட்டுட்டான்," என்றார்.

அப்புறம்தான் தலையைத் தூக்கினார்.