ஸ்டெப்னி இருந்த இடம்

பிக்கப் வண்டி மலை ஏறிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் புதிதாக அடித்த கம்பிச் சட்டம், அதில் ஒரு சைக்கிள், சுற்றிலும் கூடாரம், அடுப்பு, மடக்கு நாற்காலிகள், டயர் மாற்ற உதவும் ஜாக்கி.

சைக்கிள் பள்ளத்தை எட்டிப் பார்த்தது. "ஜாக்கியண்ணே, இங்க டயர் பஞ்சரானா?"

"நான் வண்டியைத் தூக்கிப் பிடிப்பேன். ஸ்டெப்னியை மாட்டிடுவாங்க," என்றது ஜாக்கி.

"ஸ்டெப்னி எங்கண்ணே?"

ஜாக்கி சுற்றுமுற்றும் தேடியது. அதன் குரல் இறங்கிப்போனது. "அது இருந்த இடத்துலதான் உன்னை நிறுத்தியிருக்காங்க."

"ஐயோ!"

"கத்தாதே. கிளம்பும்போது நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கியாச்சு. ஒண்ணும் ஆகாது."

வண்டியின் முன்சக்கரம் ஒன்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. அடிவாரத்தில் ஏறிய ஆணியை இறுகக் கவ்வியபடி, அது அடுத்த வளைவில் திரும்பியது.